விண்கலம் ஏன் தயங்கியது?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை ரயிலில் உங்களில் சிலர் போயிருப்பீர்கள். கல்லாறு வரையில் அது மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் நடைவேகத்துக்குச் சற்றே மேலான வேகத்தில் ஊர்ந்து செல்லும். 46 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! ஆனாலும் யாரும் வியப்படைவதில்லை. ஏன் மெதுவாகப் போகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதை. தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம். அதைப் பற்றிக்கொண்டு என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது.

சென்ற கோடையில் அந்த ரயிலில் என் எதிரில் ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தான். குன்னூரில் பத்தாம் வகுப்பு. நான் அறிவியல் கட்டுரைகள் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவன் விட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

"சார், எங்க அண்ணன் கோயமுத்தூர்ல இன்ஜினீயரிங் படிக்கிறான். கம்ப்யூட்டர்ல ஒரு ராக்கெட் விளையாட்டு எழுதியிருக்கான். பூமிக்குப் பக்கத்துல கலம் சரியாப் போகுது. ரொம்பத் தூரம் போனா மெதுவாயிடுது. வேகம் காட்டுற முள் மட்டும் நொடிக்கு 15 கி.மீ.ன்னே நிக்குது. அங்கே காத்து இல்லை, உராய்வு இல்லை. பின்னே எது சார் அதைப் பிடிச்சு இழுக்குது?"

நல்ல கேள்வி. ஓடும் பொருளை வேறு விசை எதுவும் தடுக்காவிட்டால் அது ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நியூட்டனின் முதல் விதி. விளையாட்டாயினும் விதி விதிதான். இதே கேள்வி உண்மையான விண்கலம் ஒன்றைப் பற்றியும் எழுந்தது. பெரிய பெரிய விஞ்ஞானிகளை அது முப்பது ஆண்டுகள் குழப்பியது. அதற்கு முன்பு மாணவனின் கலத்தைப் பார்த்துவிடுவோம்.

கலம் மெதுவா, கடிகாரம் மெதுவா?

கணிப்பொறி விளையாட்டில் எதுவும் தொடர்ச்சியாக நகர்வதில்லை. ஒரு நொடியை ஐம்பது துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 'கலம் இப்போது எங்கே?' என்று கணிப்பொறி கணக்குப் போடுகிறது. பொருள்கள் அதிகமானால் கணக்கும் அதிகமாகும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிய வேண்டிய கணக்கு முடியாமல் போகும். அப்போது பல விளையாட்டுகள் காலத்தையே நீட்டிவிடுகின்றன. விளையாட்டில் ஒரு நொடி கழிவதற்குள் நம் சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை நொடி ஓடிவிடும்.

அப்படியானால் கலம் தயங்கவில்லை. அந்த உலகத்தின் கடிகாரமே தயங்குகிறது. கலத்துக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எதுவுமே தெரியாது! அவருடைய கைக்கடிகாரமும் சேர்ந்தல்லவா மெதுவாகிறது?

ஆகவே முதல் சோதனை இரண்டு கடிகாரங்களை வைத்துப் பார்ப்பது. கலம் கடந்த தூரத்தை விளையாட்டுக் கடிகார நேரத்தால் வகுக்க வேண்டும். சுவர்க் கடிகார நேரத்தாலும் வகுக்க வேண்டும். முதல் விடை 15 ஆகவே இருந்து இரண்டாவது விடை மட்டும் குறைந்தால் குற்றவாளி கடிகாரம். முதல் விடையும் மாறினால் வேறு எங்கோ கோளாறு.

அந்த 'வேறு எங்கோ' என்பதை அறிய ஒரு சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டர் போதும். 12345678 என்று அழுத்துங்கள். அதனுடன் 0.4ஐக் கூட்டுங்கள். விடை 12345678 என்றே வரும். மறுபடியும் 0.4 கூட்டுங்கள். அதே விடை. நூறு தடவை கூட்டினாலும் எண் அசையாது. நியாயப்படி 40 கூடியிருக்க வேண்டும். (சில கால்குலேட்டர்கள் திரையில் காட்டாத இலக்கங்களை உள்ளே மறைத்து வைத்திருக்கும். அவற்றில் இன்னும் சிறிய எண்ணைக் கூட்டிப் பாருங்கள்.)

பல விளையாட்டுகள் இடத்தைக் குறிக்கும் எண்களை ஏறத்தாழ ஏழு இலக்க நுட்பத்தோடுதான் வைத்துக்கொள்கின்றன. பூமியின் மையத்தைச் சுழியாகக் கொண்டு தூரத்தை மீட்டரில் அளந்தால், ஒரு கோடி மீட்டர் தொலைவில் கலம் நிற்கக்கூடிய அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி வந்துவிடும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க இடைவெளியும் இரட்டிக்கும். விண்வெளி ஒரு வழுவழுப்பான சாலையாக இருப்பது போய், படிக்கட்டாகிவிடும். படியை எட்டும் அளவுக்குக் கால் நீளாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் சொல்லி, இரண்டு கடிகாரச் சோதனையைச் செய்து எனக்கு எழுதும்படி அவனிடம் முகவரி கொடுத்தேன். அதற்குள் குன்னூர் வந்துவிட்டது. இறங்குவதற்கு முன் அவன் சொன்னான்: "அப்போ நிஜ விண்வெளியில இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே ஒண்ணுமே இல்லாததால எதுவும் மெதுவாகாது."

அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வீட்டிலிருந்து இருபது கி.மீ. தொலைவுக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

முத்தொரையின் பெரிய காது

உதகைக்கு அருகே முத்தொரையில், ஒரு மலைச் சரிவின் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. கிண்ண வடிவம் அல்ல. நெடுக வெட்டிய குழாயின் பாதியைப் போன்ற தொட்டி வடிவம். 24 பெரிய இரும்புச் சட்டங்களின் மேல், முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே அதன் 'கண்ணாடி'. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், 1970ஆம் ஆண்டில் இது கட்டி முடிக்கப்பட்டது.

இதை ஏன் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள்? குளிர்ச்சிக்காக அல்ல. உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் உள்ளது. வடக்கு தெற்காக 11 டிகிரி சரிந்த மலை ஒன்று அங்கே கிடைத்தது. அந்தச் சரிவில் நீண்ட தொட்டியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். பிறகு பூமி சுழலும் வேகத்தில் தொட்டியை அந்த ஒரே அச்சில் எதிர்த்திசையில் திருப்பினால் போதும். வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் பின்தொடரலாம். கோடிக்கணக்கில் செலவாகும் இயந்திர அமைப்பில் பாதியை மலையே இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டது. இந்திய அறிவியலில் இவ்வளவு அழகான சிக்கனம் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

நட்சத்திரங்கள் மின்னுவதற்குக் காரணம் நம் காற்று மண்டலம் என்று படித்திருப்பீர்கள். அதேபோல், மிகத் தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களும் மின்னுகின்றன. இதை 1964இல் கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹியூவிஷ் குழுவினர் கண்டறிந்தார்கள். இங்கே காற்றின் வேலையைச் செய்வது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம். அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். நம் பக்கத்தில் அது ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில துகள்களே கொண்ட மெல்லிய காற்று. ஆனால் வேகமோ நொடிக்கு 300 முதல் 800 கி.மீ. வரை. ரேடியோ மூலம் எவ்வளவு பலமாக மின்னுகிறது என்பதிலிருந்து காற்றின் அடர்த்தியையும், எப்படி மின்னுகிறது என்பதிலிருந்து அதன் வேகத்தையும் கணக்கிடலாம். வானெங்கும் நூற்றுக்கணக்கான மூலங்களைப் பார்த்தால், சூரியனுக்கும் நமக்கும் இடையே இன்று என்ன வீசுகிறது என்ற படமே கிடைத்துவிடும். முத்தொரையில் இதைத்தான் செய்கிறார்கள்.

சில சமயம் சூரியன் பல நூறு கோடி டன் வாயுவை ஒரேயடியாக உமிழ்கிறது. அந்த மேகம் பூமியை நோக்கி வந்தால் காந்தப் புயல் மூளும். 1989 மார்ச் 13ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது அப்படிப்பட்ட ஒரு புயல்தான். ஆகவே மேகம் எப்போது வந்து சேரும் என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. தூரம் 15 கோடி கி.மீ. புறப்படும் வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது! வழியில் வேகம் மாறுகிறது.

முத்தொரையின் விஞ்ஞானி பி.கே. மனோகரன் 30 பெரிய மேகங்களை எடுத்துக்கொண்டார். சூரியனுக்கு அருகில் அவற்றின் வேகத்தை சோஹோ விண்கலத்தின் படங்களிலிருந்து அளந்தார். அதற்கப்பால் முத்தொரைத் தொலைநோக்கி கண்ட மின்னல்களைக்கொண்டு பின்தொடர்ந்தார். 2006இல் வெளியிட்ட முடிவுகள் சுவையானவை. புறப்பட்டபோது அவற்றின் வேகங்கள் நொடிக்கு 260 கி.மீ. முதல் 2,600 கி.மீ. வரை பத்து மடங்கு வேறுபட்டன. பூமியின் தொலைவை நெருங்கும்போதோ, பெரும்பாலானவை சுற்றிலும் வீசும் சூரியக் காற்றின் வேகத்தை ஒட்டி வந்துவிட்டன. சூரிய ஆரத்தைப் போல் எண்பது மடங்கு தொலைவு வரை, அதாவது ஐந்தரைக் கோடி கி.மீ. வரை, மேகம் தன் உள்ளாற்றலால் விரிந்து செல்கிறது. அதற்கு மேல் அதை ஆட்டிவைப்பது சூரியக் காற்றுதான்.

உதகை மாரியம்மன் கோயில் தேர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். அவசரமாக ஓடி வந்தவன் கூட்டத்தின் வேகத்துக்கு இறங்குகிறான். நின்று வேடிக்கை பார்த்தவனைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது. வேகமான மேகம் தயங்குகிறது, சோம்பேறி மேகம் விரைகிறது. விண்வெளியில் ஒன்றுமே இல்லை என்றால் இது நடக்குமா?

புயல் வந்து சேர்ந்த பிறகும் ஒரு தயக்கம் உண்டு. அது நம் செயற்கைக்கோள்களுக்கு. புயலால் சூடேறிய மேல் காற்று மண்டலம் உப்பி உயர்கிறது. தாழ்வாகச் சுற்றும் கோள்கள் அந்தக் காற்றில் உராய்ந்து இறங்குகின்றன. 2022 பிப்ரவரி 3ஆம் தேதி ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 38 இப்படித்தான் திரும்ப விழுந்து எரிந்தன.

பயனியரின் புதிர்

இனி பெரிய புதிருக்கு வருவோம். 1972இல் பயனியர் 10, 1973இல் பயனியர் 11 என்ற இரு அமெரிக்க விண்கலங்கள் புறப்பட்டன. வியாழனையும், பதினொன்றாவது கலம் சனியையும் கண்டபின், இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறின. சூரியனின் ஈர்ப்பு அவற்றைப் பின்னுக்கு இழுக்கும். அது கணக்கில் உள்ள தயக்கம். கோள்களின் ஈர்ப்பு, சூரிய ஒளியின் அழுத்தம் எல்லாம் கணக்கில் உண்டு. அத்தனையையும் கழித்த பிறகும் ஒரு சிறு தயக்கம் மீந்தது. சூரியன் இருக்கும் பக்கமாக ஏதோ ஒன்று இரண்டு கலங்களையும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. 1980 வாக்கில் ஜான் ஆண்டர்சன் இதைக் கவனித்தார்.

எவ்வளவு சிறியது? ஓராண்டில் வேகம் நொடிக்கு 2.8 சென்டிமீட்டர் குறையும். அவ்வளவே. அந்தத் தொலைவில் சூரியன் இழுக்கும் இழுப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் வட்டிக்கு வட்டி போல இது சேர்ந்துகொண்டே போகும். ஓராண்டு முடிவில் கலம் இருக்க வேண்டிய இடத்துக்கு 400 கி.மீ.க்கும் அதிகமாகப் பின்தங்கி நிற்கும்.

இதை எப்படி அளந்தார்கள்? குன்னூர் நிலையத்தை விட்டு விலகும் ரயிலின் ஊதல் சற்றுத் தாழ்ந்து கேட்கும் அல்லவா? அதே டாப்ளர் விளைவுதான். பூமியிலிருந்து ரேடியோ அலை செல்லும். கலம் அதைப் பெற்று, குறிப்பிட்ட விகிதத்தில் அதிர்வெண்ணை மாற்றித் திருப்பி அனுப்பும். நொடிக்கு 229 கோடி அதிர்வுகள் கொண்ட அந்த அலையில், ஓராண்டில் சேர்ந்த பிசகு அரை அதிர்வுக்கும் குறைவு! பயனியர் தன்னைத்தானே பம்பரம் போலச் சுழற்றிக்கொண்டு திசை மாறாமல் சென்றதால்தான் இவ்வளவு நுட்பம் கைகூடியது. வாயேஜர் கலங்கள் அடிக்கடி சிறு ராக்கெட்டுகளை இயக்கித் தம்மை நேராக்கிக்கொள்பவை. அந்த உதைகளுக்கு நடுவே இப்படிப்பட்ட நுண்ணிய இழுப்பு தெரியாது.

இப்போது நம் மாணவனின் கேள்விகளையே அவர்களும் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மெதுவாவது கலமா, கடிகாரமா? அதிர்வெண்ணை எண்ணுவது பூமியிலுள்ள கடிகாரங்களை வைத்துத்தான். அவை பிசகினாலும் கலம் தயங்குவது போலத் தோன்றும். ஆனால் மூன்று கண்டங்களில் உள்ள நிலையங்களின் கடிகாரங்கள் ஒரே மாதிரி பிசகுமா? கணிப்பொறிக் கணக்கில் கோளாறா? தனியாக எழுதப்பட்ட வேறொரு நிரலை வைத்து வேறொரு நிறுவனம் கணக்குப் போட்டது. அதே விடை. சூரியக் காற்று தடுக்கிறதா? அது கலத்தை விடப் பல மடங்கு வேகமாகப் பின்னாலிருந்து வருவது. தள்ளுமே தவிர இழுக்காது. தூசியா? வாயுக் கசிவா? எதுவும் போதவில்லை. 1998இல் ஆண்டர்சனும் ஐந்து துணைவர்களும் விஷயத்தை உலகுக்கு வெளியிட்டார்கள்.

உடனே நூற்றுக்கணக்கில் விளக்கங்கள் குவிந்தன. நியூட்டனும் ஐன்ஸ்டீனும் எழுதிய ஈர்ப்பு விதி தொலைவில் மாறுகிறது என்றார்கள் சிலர். அது உண்மையானால் இயற்பியல் பாடப் புத்தகங்களைத் திருத்தி எழுத வேண்டும். ஆனால் ஓர் இடறல். இதே இழுப்பு செவ்வாயின் மீதும் பூமியின் மீதும் இருந்திருந்தால், செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் அளவீடுகளில் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

விளாவா துரிஷேவ், விக்டர் டோத் முதலியோர் வேறு வழியில் போனார்கள். பழைய காந்த நாடாக்களைத் தேடி எடுத்து, முப்பது ஆண்டுத் தகவல்களை மீட்டார்கள். கலத்தின் எந்த மூலையில் எவ்வளவு வெப்பம் என்ற பதிவுகளும் அவற்றில் இருந்தன.

பயனியருக்கு மின்சாரம் தந்தது புளூட்டோனியம். சூரியத் தகடுகள் அவ்வளவு தொலைவில் பயன்படா. அந்தப் புளூட்டோனியம் 2,000 வாட்டுக்கும் மேலான வெப்பத்தை வெளியிட்டது. வெப்பக் கதிர்வீச்சும் ஒளியைப் போன்றதுதான். ஒரு பக்கம் வெளியேறினால் மறுபக்கம் மிக மிக மெல்ல உதைக்கும். எல்லாப் பக்கமும் சமமாகப் போனால் தொல்லையில்லை. ஆனால் கலத்தின் பெரிய ஆன்டெனா எப்போதும் பூமியைப் பார்த்திருந்தது. அதன் முதுகில் பட்ட வெப்பம் எதிரொளித்து, கலம் செல்லும் திசையில் முன்னால் போயிற்று. கருவிப் பெட்டியின் வெப்பமும் அதே பக்கம் சென்றது. முன்னால் வெப்பம் போனால் கலத்துக்குப் பின்னோக்கி உதை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கலத்தின் நிறை ஏறத்தாழ 250 கிலோ. மீந்த முடுக்கம் நொடிக்கு நொடி 0.000000000874 மீட்டர். பெருக்கினால் விசை கிடைக்கும். அதை ஒளியின் வேகமான 30 கோடி மீட்டரால் பெருக்கினால், அந்த உதையைத் தரத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 65 வாட். அதாவது ஒரு பழைய குண்டு பல்பின் அளவு! 2,000 வாட்டில் 65 வாட் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் போதும். விசையோ ஒரு கொசுவின் எடையில் நூறில் ஒரு பங்கு.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. புளூட்டோனியத்தின் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டுகள். வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். தயக்கமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்ததை மீட்ட தகவல்கள் காட்டின. ஈர்ப்பு விதிக்கு வயதாவதில்லை. 2012இல் வெளிவந்த விரிவான வெப்பக் கணக்கு, அளவீட்டுப் பிழை வரம்புக்குள் புதிருடன் பொருந்தியது. ஈர்ப்பு விதி தப்பித்தது. எனக்கு இதில் சிறு ஏமாற்றம்தான். ஆனாலும் 1,200 கோடி கி.மீ. தொலைவிலிருந்து 8 வாட் டிரான்ஸ்மிட்டர் அனுப்பிய அலையை வைத்து, ஒரு பல்பளவு வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிப்பது சாதாரண வேலையா? பயனியர் 10இன் கடைசி முனகல் 2003 ஜனவரியில் கேட்டது.

மூன்று வாரம் கழித்துக் குன்னூரிலிருந்து கடிதம் வந்தது. அண்ணனின் விளையாட்டு தொடங்கும்போதே கலத்தை எந்தத் தொலைவில் வைக்கலாம் என்று கேட்குமாம். ஒவ்வொரு தொலைவிலும் வைத்து, இரண்டு கடிகாரத்தாலும் அளந்து அட்டவணை போட்டிருந்தான். சுவர்க் கடிகாரமும் விளையாட்டுக் கடிகாரமும் எங்கும் வேறுபடவில்லை. ஆகவே குற்றவாளி கடிகாரம் அல்ல. 10 லட்சம் கி.மீ. வரை வேகம் ஏறத்தாழ 15. பிறகு 12.8 ஆகக் குறைந்தது. 43 லட்சம் கி.மீ.க்கு அப்பால் 25.6 ஆகத் தாவியது! 86 லட்சத்தைத் தாண்டினால் கலம் அசையவே இல்லை. வேக முள் மட்டும் எங்கும் 15.

கலம் ஒரு துண்டு நேரத்தில் தாண்ட வேண்டியது 300 மீட்டர். ஏறத்தாழ 21 லட்சம் கி.மீ.க்கு அப்பால் படியின் உயரம் 256 மீட்டர். 300க்கு மிக அருகிலுள்ளது ஒரு படிதான்; ஆகவே 256. அதை நொடிக்கு ஐம்பது முறை தாண்டினால் 12.8 கி.மீ. அடுத்த கட்டத்தில் படி 512 மீட்டர். 300 அதில் பாதிக்கு மேல். ஆகவே முழுப் படியாக ஏறிவிடும். அதற்கும் அடுத்த கட்டத்தில் படி 1,024 மீட்டர். 300 அதில் பாதிகூட இல்லை. கலம் நின்றுவிட்டது.

கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி. அண்ணன் நிரலை மாற்றிவிட்டானாம். இப்போது கலம் எப்போதும் சுழியிலேயே நிற்கிறது; பூமியும் நட்சத்திரங்களும்தான் அதைச் சுற்றி நகர்கின்றன. கலம் 86 லட்சம் கி.மீ.யைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.